பத்து நொடியும் மறுநாள் மதியமும்

அன்புள்ள ஐயா,

நான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆன் ஆர்பர் பக்கத்திலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன். கல்லூரி ஃபுட்பாலை, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலை, எனக்குப் பழக்கியவர்கள் அறைத் தோழர்கள். இப்போதெல்லாம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.

2015 அக்டோபர் 17 ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மிச்சிகன் ஸ்டேட் அணியோடு ஆடியது. நான் அரங்கில் இருந்தேன். 23-21 என்று நாங்கள் முன்னிலை. பத்து நொடி பாக்கி. பந்தைத் தூரமாக உதைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. உதைக்க வேண்டிய பிளேக் ஓநீல் தனக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். அதைக் கைப்பற்றிய எதிரணியின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் எல்லைக்கோடு வரை ஓடிவிட்டார். 27-23. அவ்வளவு பெரிய கூட்டம் பேச்சில்லாமல் வெளியே போனது.

ஈஸ்ட் லான்சிங்கில், அதாவது எதிரணிக் கல்லூரியில் படித்த அலுவலக நண்பர் ஒருவர் ஒவ்வோர் அக்டோபரிலும் அந்தக் காட்சியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். 2023 பருவத்தில் எங்கள் அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வென்றது. இனி அது மறந்துவிடும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. எத்தனையோ நல்ல ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

நீங்கள் பேஸ்பாலைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறீர்கள். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியும் உங்களைப் பலமுறை அழவைத்திருக்கும். ஆனால் உங்கள் எழுத்தில் இந்தக் கசப்பு தெரிவதில்லை. அது எப்படி? உங்களுக்குப் பிடித்த பேஸ்பால் நினைவுகள் எவை? என் மகளுக்கு ஏழு வயது. அவளை முதலில் எந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆன் ஆர்பரிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குக் கசப்பு தங்கிப்போனதற்கும் எனக்குத் தங்காததற்கும் நம் சுபாவம் காரணம் இல்லை. ஆட்ட அட்டவணைதான் காரணம். கல்லூரி ஃபுட்பாலில் ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம். பேஸ்பாலில் 162. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அநேகமாக தினமும் ஆட்டம் உண்டு. இன்று தோற்றவன் நாளைக்கே மறுபடி களத்தில் நிற்கிறான். அவனைத் திட்டியவரும் நாளைக்கு அவனைப் பார்த்தாக வேண்டும். ஃபுட்பாலில் சனிக்கிழமை தோற்றால் ஏழு நாள் அதையே மென்றுகொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் ஆட்டத்தில் ஏழு நாளும் போதவில்லை. அடுத்த சனிக்கிழமை மிச்சிகனுக்கு ஓய்வு வாரம். அக்டோபர் 31 அன்றுதான் மினசோட்டாவில் அடுத்த ஆட்டம். இரண்டு வாரம் அந்தப் பத்து நொடி மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. சமூக வலைதளங்களில் ஓநீலுக்குக் கொலை மிரட்டல் வரை வந்தது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இடைக்கால இயக்குநராக இருந்த ஜிம் ஹேக்கெட், இதை நிறுத்துங்கள் என்று மறுநாளே பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அப்புறம் மினசோட்டாவில் மிச்சிகன் 29-26 என்று வென்றது. அதுவும் கடைசி நொடிகளில் எதிரணியை எல்லைக்கோட்டுக்கு வெகு அருகில் தடுத்து நிறுத்தி வென்றது. அந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அது மறுநாளே நடந்திருந்தால் ஓநீலின் கதை வேறாகியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆட்டத்துக்கு வருகிறேன். நண்பர் அனுப்பும் அந்தத் துண்டுக் காட்சியை விட்டுவிட்டு, முடிந்தால் ஒருமுறை முழு ஆட்டத்தையும் பாருங்கள். உங்கள் நினைவில் இருப்பதும் அங்கே நடந்ததும் ஒன்றல்ல. மிச்சிகன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) கானர் குக் அன்றைக்கு 328 கெஜத்துக்குப் பந்து வீசினார். உங்கள் அணியின் தாக்குதல் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படி இருந்தும் கடைசி நொடி வரை எதிரணி ஒருமுறைகூட முன்னிலைக்கு வரவில்லை. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் ஓநீல். அதே ஆட்டத்தில் அவர் பந்தை 80 கெஜம் உதைத்திருக்கிறார். மிச்சிகனின் நெடிய வரலாற்றிலேயே அப்படிப்பட்ட உதைகள் அபூர்வம். அடுத்த அக்டோபரில் உங்கள் நண்பர் காட்சியை அனுப்பினால் நீங்கள் பதிலுக்கு அந்த உதையை அனுப்புங்கள்.

கடைசிப் பத்து நொடியையும் நிதானமாகப் பார்க்கலாம். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிதான். இது நான்காவது முயற்சி, இன்னும் இரண்டு கெஜம் தேவை, பந்து எதிரணியின் 47வது கெஜக் கோட்டில். உதைத்துவிடலாம் என்பது பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் முடிவு. எதிரணிப் பயிற்சியாளர் மார்க் டான்டோனியோ, உதைத்த பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓர் ஆளைக்கூட நிறுத்தாமல் எல்லோரையும் முன்னால் பாய விட்டார். பந்து தாழ்வாக வந்தது. ஓநீலின் கையில் பட்டு நழுவியது. குனிந்து எடுத்தார். அப்படியே கீழே படுத்திருந்தாலும் பெரும்பாலும் வெற்றிதான். ஆனால் உதைப்பதற்கென்றே பழக்கப்பட்ட உடம்பு அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அந்த ஊர் விதிகளில் ஓடிக்கொண்டே உதைத்து வளர்ந்தவர். திரும்பி உதைக்கப் பார்த்தார், பந்து எகிறி எதிராளியின் கைக்கே போனது. 38 கெஜம் ஓடி முடித்தபோது கடிகாரத்தில் நேரம் இல்லை. இவ்வளவிலும் பலருடைய முடிவுகள் கலந்திருக்கின்றன. பெயர் மட்டும் ஒருவருடையது நின்றுவிட்டது.

எனக்கு இன்றுவரை கோபம் வருவது ஒரு விஷயத்துக்காக. அன்று அரங்கில் இருந்தவர்கள் 1,11,740 பேர். டிக்கெட் விற்பனை, தொலைக்காட்சி ஒப்பந்தம், பயிற்சியாளர்களுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். உதைத்த பையனுக்குச் சம்பளம் கிடையாது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கவே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணம் எல்லாருக்கும் போய்விட்டு, பழி மட்டும் சம்பளம் இல்லாத மாணவனுக்குப் போவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. வென்றுகொடுத்த வாட்ஸ்-ஜாக்சனையும் நினைத்துப்பாருங்கள். அதுவரை வெளியே யாருக்கும் பெயர் தெரியாத இளைஞர். எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததில் இடுப்பெலும்பு விலகி முறிந்தது. மேலே சக வீரர்கள் குவிந்து கொண்டாடினார்கள். அடியில் அவர் வலியில் கிடந்தார். அன்றிரவே அறுவை சிகிச்சை, அத்தோடு அந்தப் பருவம் அவருக்கு முடிந்தது.

சரி, பேஸ்பால். எனக்கு மிகப் பிடித்த நினைவும் ஒரு பிழைதான். நம் மாநிலத்தில், டைகர்ஸின் சொந்த அரங்கான காமெரிக்கா பார்க்கில் நடந்தது. 2010 ஜூன் 2.

அர்மாண்டோ கலராகா வெனிசுவேலாக்காரர். சில வாரங்களுக்கு முன்புதான் டொலீடோவில் இருக்கும் கீழ்மட்ட அணியிலிருந்து டைகர்ஸ் அவரை மேலே அழைத்திருந்தது. அன்று கிளீவ்லாந்து அணிக்கு எதிராகப் பந்து வீசினார். முதல் 26 பேரில் ஒருவர்கூட, பந்தை அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸை எட்டவில்லை. 27 பேரையும் அப்படி வெளியேற்றினால் அது பெர்ஃபெக்ட் கேம். நூறாண்டுக்கு மேற்பட்ட மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை இருபது முறைதான் நடந்திருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் அடி இடது-நடுப்பக்கம் வெகுதூரம் பறந்தது. ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டியபடியே ஓடி, தோளுக்கு மேலாக அதைப் பிடித்தார். அந்தப் பிடிப்புக்கு அப்புறம் இது நடந்தே தீரும் என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

27வது ஆள் ஜேசன் டொனால்ட். தரையோடு உருண்ட பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிந்தார். முதல் பேஸை மூட ஓடிவந்த கலராகா அதைப் பிடித்து, டொனால்டுக்கு முன்பே பேஸை மிதித்தார். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்றார். அவுட் என்பது வீட்டிலிருந்த எங்களுக்கு ஒரே மறுஒளிபரப்பில் தெரிந்துவிட்டது. இந்த மாதிரித் தீர்ப்பை வீடியோவில் பார்த்து மாற்றும் வழி அப்போது கிடையாது. அது 2014இல்தான் வந்தது.

கலராகா செய்தது ஒன்றே ஒன்று. சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை, 'இதில் என்ன செய்ய முடியும்' என்பது போல ஒரு சின்னச் சிரிப்பு. திரும்பி நடந்து போய், அடுத்த ஆளை அவுட் ஆக்கி, 3-0 என்று ஆட்டத்தை முடித்தார். மேனேஜர் ஜிம் லேலண்ட் கத்தினார், கப்ரேரா கத்தினார். நானும் என் வீட்டுக்குள் கத்தினேன். கத்தாமல் இருந்தவர் அவர்தான்.

ஜாய்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள அம்பயர். உள்ளே போய்க் காட்சியைப் பார்த்தார். அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான்தான் கெடுத்தேன் என்று செய்தியாளர்களிடம் சாக்குப்போக்கு இல்லாமல் ஒத்துக்கொண்டார். கலராகாவை நேரில் கட்டிப்பிடித்து அழுது மன்னிப்புக் கேட்டார். மறுநாள் மதியமே அதே இரண்டு அணிகளுக்கும் ஆட்டம். ஜாய்ஸுக்கு அன்று ஹோம் பிளேட்டில், பந்தை அடிப்பவருக்குப் பின்னால், நிற்கும் முறை. விருப்பம் இருந்தால் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று லீக் சொல்லியும் அவர் வந்தார். ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க வழக்கமாக மேனேஜரோ பயிற்சியாளரோதான் போவார்கள். லேலண்ட் அன்று கலராகாவை அனுப்பினார். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே பட்டியலை வாங்கி, அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். முந்தின நாள் கொதித்த டெட்ராய்ட் கூட்டம் கைதட்டியது.

மாநில ஆளுநர் அதைப் பெர்ஃபெக்ட் கேம் என்றே பிரகடனம் செய்தார். கலராகாவுக்கு ஒரு கார்வெட் கார் பரிசாகக் கிடைத்தது. லீக் தலைமை மட்டும் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது. சில நாள் கழித்து மேஜர் லீக் வீரர்களிடமே எடுத்த கருத்துக்கணிப்பில் மிகச் சிறந்த அம்பயர் என்று வந்த பெயர் ஜிம் ஜாய்ஸ்.

கலராகா பெரிய மனசுக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் மதியம் ஆட்டம் இல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பட்டியலைக் கொடுக்க ஓர் இடம் இருந்திருக்காது. இரண்டு வாரம் ஜாய்ஸும் வீட்டில் உட்கார்ந்து மிரட்டல் கடிதங்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பார். ஓநீலுக்கு அந்த மதியம் கிடைக்கவில்லை. அவரும் அந்தக் கூட்டமும் மறுநாளே ஒருவரையொருவர் பார்த்திருந்தால், மிச்சிகன்காரர்கள் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த மிச்சிகன்காரர்கள் நல்லவர்கள்.

மற்ற நினைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் டைகர்ஸ் 119 ஆட்டம் தோற்றது. 120 தோல்வி என்ற பழைய மோசமான எண்ணைத் தொட்டுவிடுமோ என்று ஊரே பயந்திருந்தபோது கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றார்கள். அந்த ஐந்து வெற்றியும் எனக்குப் பட்டத்துக்குச் சமம். மூன்றே வருஷத்தில், 2006 அக்டோபர் 14 அன்று, மக்லியோ ஒர்தோன்யெஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை உலகத் தொடருக்கு, அதாவது பட்டத்துக்கான இறுதித் தொடருக்கு, அனுப்பினார். அந்தத் தொடரில் ஐந்து ஆட்டத்தில் எங்கள் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) ஐந்து ஃபீல்டிங் பிழை செய்து தோற்றோம். ஆனால் அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒர்தோன்யெஸ் கையை உயர்த்தியபடி பேஸ்களைச் சுற்றி ஓடியதுதான்.

அப்புறம் எர்னி ஹார்வெல். நாற்பது வருஷத்துக்கு மேல் டைகர்ஸ் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்தவர். பந்து பார்வையாளர் பக்கம் பறந்தால், இப்சிலான்டியிலிருந்து வந்த ஒருவர் பிடித்துவிட்டார் என்பார். அது யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மிச்சிகன் ஊரின் பெயர் வரும். இந்த மாநிலத்துக்குப் புதிதாக வந்த நான் பல ஊர்ப் பெயர்களை அவர் குரலில்தான் முதலில் கேட்டேன். 2010 மே மாதம் காலமானார். கலராகாவின் ஆட்டத்தை அவர் பார்க்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

மகளை முதலில் காமெரிக்கா பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். ஜூன் மாதம், பள்ளி விடுமுறை தொடங்கியதும், வார நாள் மதிய ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். கூட்டம் குறைவு. அரங்குக்குள்ளேயே புலிகள் சுற்றும் குடை ராட்டினம் இருக்கிறது, பேஸ்பால் வடிவப் பெட்டிகள் வைத்த ராட்சத ராட்டினமும் இருக்கிறது. நடுவில் அவள் அங்கே போக ஆசைப்பட்டால் இரண்டு இன்னிங்ஸ் விட்டுவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முதல் பேஸ் பக்கம் இடம் கிடைத்தால் நல்லது. ஃபுட்பாலுக்கு இரண்டு மூன்று வருஷம் பொறுக்கலாம். மூன்றரை மணி நேரக் குளிரும் இரைச்சலும் ஏழு வயதுக்கு அதிகம். தொடங்கும்போது செப்டம்பர் முதல் வாரத்து ஆட்டமாக இருக்கட்டும், வெயில் இதமாக இருக்கும்.

அன்புடன்.