செஸ் ஓப்பனிங்: கேட்டதும் சொன்னதும்

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்கள் பற்றி சென்னையில் செஸ் கற்பவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்குப் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள். ஹெச்5, இ5 என்று வருபவை பலகையில் கட்டங்களின் பெயர்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: சார், பையன் நாலே மூவில் மேட் (ராஜா தப்ப வழியில்லாத தோல்வி) வாங்கி அழுதுகொண்டு வருகிறான்.

இதில் ஒருமுறை விழாதவர் யார் அம்மா! வெள்ளை ராணி ஹெச்5-க்கு வந்தால் முதலில் குறி இ5 சிப்பாய். குதிரையை சி6-ல் வைத்துக் காக்கச் சொல்லுங்கள். அடுத்து பிஷப் சி4-க்கு வரும். இப்போது எஃப்7-ல் மேட் மிரட்டல். ஜி6 ஆடினால் ராணி ஓடும். எஃப்3-க்குப் போய் மறுபடி மிரட்டினால் இன்னொரு குதிரை எஃப்6-க்கு. ராணி வீணாக அலைந்திருக்கும், உங்கள் பையனின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்திருக்கும். தொடக்கத்தில் எஃப்7-ஐ ராஜா மட்டுமே காக்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் கண்.

வேளச்சேரி: வெள்ளைக்கு லண்டன் என்ற ஓப்பனிங் ஆடினால் வேறு எதுவும் படிக்க வேண்டாமாமே?

ஓரளவு உண்மை. ஆனால் பிஷப் எஃப்4-க்குப் போனதும் பி2-க்குக் காவல் இல்லை. கறுப்பு சி5, ராணி பி6 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? என்னைக் கேட்டால் முதலில் இத்தாலியன் ஓப்பனிங். சி3, டி4 என்று நடுவைப் பிடிக்கப் பழகலாம்.

அண்ணா நகர்: குவீன்ஸ் கேம்பிட் ஓப்பனிங்கில் வெள்ளை டி4-க்குப் பிறகு சி4 ஆடி, அந்தச் சிப்பாயைச் சும்மா கொடுக்கிறார்களா?

சும்மா இல்லை. கறுப்பு டி5 சிப்பாயால் அதை வெட்டினால் நடுவை விட்டுப் போகிறது. வெள்ளை இ3 ஆடியதும், கிடைத்ததை விடாமல் பி5 ஆடினால் கதை கந்தல்: ஏ4, சி6, வெட்டு, வெட்டு, பிறகு ராணி எஃப்3. மூலையில் இருக்கும் யானை மாட்டும். காப்பாற்றக் குதிரையையோ பிஷப்பையோ கொடுத்தாக வேண்டும். வெட்டலாம், ஆனால் கட்டிக்கொண்டு அழக்கூடாது.

தாம்பரம்: சிசிலியன் ஓப்பனிங்கில் வெள்ளையின் இ4-க்குக் கறுப்பின் பதில் ஏன் சி5?

வெள்ளை டி4 தள்ளினால் வெட்டத்தான். சி சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்குகிறோம். நடுவில் நமக்கு இரண்டு சிப்பாய், அவர்களுக்கு ஒன்று. யானைக்கு சி ஃபைலும் (மேல்கீழ் வரிசை) பாதி திறந்துவிடும். பதிலுக்கு வெள்ளையின் காய்கள் வேகமாக வெளியே வரும், அதனால் காஸ்லிங்கை (ராஜாவை யானைப் பக்கம் நகர்த்திப் பாதுகாப்பதை) தள்ளிப்போடாதீர்கள்.

மயிலாப்பூர்: வாழ்நாள் முழுக்க ஒரே ஓப்பனிங் போதுமா, சார்?

தொடக்க வருஷங்களில் போதும். நம்ம ஊர் ஆனந்த் இ4-க்குப் பேர்போனவர். ஆனால் 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் ரஷ்யாவின் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது பெரும்பாலும் டி4 ஆடி, உலக சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தார். எதிராளியின் தயாரிப்பு பாதிக்குமேல் வீண்.

அதே அன்பர்: ஒரு நிமிட ஆட்டங்கள் ஆடிப் பழகலாமா?

வேண்டாம். பதினைந்து நிமிட ஆட்டம் ஆடுங்கள், முடிந்ததும் முதல் பத்து மூவை எதிராளியோடு உட்கார்ந்து பாருங்கள்.