விலகுவது என்றால் எதிலிருந்து, எதுவரை?

அன்புள்ள ஐயா,

பிரெக்சிட்டில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய விவகாரத்தில், தவறு மக்களுடைய பதிலில் இல்லை, கேட்ட கேள்வியில்தான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2016 ஜூன் 23-ல் 100-க்கு 52 பேர் விலகலாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். தோற்றவர்கள் அதை ஏற்காமல் நாடாளுமன்றத்தில் மூன்றரை வருடம் இழுத்தடித்தார்கள். மக்கள் தீர்ப்பை மதிக்காததுதானே அங்கே நடந்தது? லண்டனில் என் அத்தான் விலகலுக்கு வாக்களித்தார், அக்கா எதிராக. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் வீட்டில் சண்டைதான்.

ரா., திருநெல்வேலி

அன்புள்ள ரா.,

உங்கள் அத்தான் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. விலகலுக்கு வாக்களித்தவர்களை எல்லாம் இனவெறியர்கள், விவரம் தெரியாதவர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு ஊர். சுற்றிலும் காய்கறி வயல்கள். 2004-ல் ஒன்றியம் கிழக்கே விரிந்த பிறகு போலந்து, லிதுவேனியா, லாட்வியாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். வீட்டு வாடகையும் மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பதும் பள்ளி இடமும் அந்த ஊரின் அன்றாடக் குறையானது. அதை வருடக்கணக்காக யாரும் காதில் வாங்கவில்லை. பாஸ்டனில் 75 சதவீதத்துக்கு மேல் விலகலுக்கு விழுந்தது. லண்டனின் லாம்பெத்தில் 78 சதவீதத்துக்கு மேல் ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றார்கள்.

பாஸ்டன்காரர் விலகல் என்றதும் வெளிநாட்டு ஆட்கள் குறைவார்கள் என்று நினைத்தார். அதே நேரத்தில் தெற்காசியர்களிடம் என்ன சொன்னார்கள்? ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வருவது நின்றால் நம் ஊர் சமையல்காரர்களுக்கு விசா சுலபமாகும் என்றார்கள். கறி ஹவுஸ் என்ற நம் ஊர் உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்று அன்றைய அமைச்சர் பிரீத்தி படேல் தனிப் பிரச்சாரமே நடத்தினார். பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் அன்று வாக்கு இருந்தது. இருபது வருடம் அங்கேயே வாழ்ந்த ஜெர்மன்காரருக்கு இல்லை. இன்னொரு பக்கம் வரிகளையும் விதிகளையும் குறைத்து நாட்டை சிங்கப்பூர் மாதிரி ஆக்கலாம் என்று கனவு கண்டவர்கள், தொழிற்சாலைகளை அரசு காக்க வேண்டும் என்று கேட்டவர்கள். இவர்கள் எல்லாரும் ஒரே கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்கள். ஒருவர் ஆசை நிறைவேறினால் இன்னொருவர் ஏமாறத்தான் வேண்டும்.

சரி, இழுத்தடித்தது யார்? 2019 ஜனவரி 15-ல் அன்றைய பிரதமர் தெரேசா மே ஒன்றியத்தோடு பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. பிரிட்டனில் எந்த அரசும் நாடாளுமன்றத்தில் அதற்கு முன் அப்படித் தோற்றதில்லை. எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கன்சர்வேடிவ் எம்.பி.க்கள். விலகல் பிரச்சாரத்தின் முகமாக இருந்த போரிஸ் ஜான்சனும் அதில் ஒருவர். மூன்றாவது முறை, மார்ச் 29-ல், அந்த ஒப்பந்தம் 344-க்கு 286 என்று தோற்றது. அந்த 344-க்குள் விலகலையே உயிராக நினைத்த 28 கன்சர்வேடிவ்கள் இருந்தார்கள், விலகலுக்குப் பிரச்சாரம் செய்த வடக்கு அயர்லாந்தின் டி.யூ.பி. கட்சியினர் 10 பேர் இருந்தார்கள். இந்த 38 பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஒப்பந்தம் 18 வாக்கில் ஜெயித்திருக்கும், மே 22-லேயே நாடு வெளியேறியிருக்கும். இது நான் நினைத்த விலகல் இல்லை என்று சொல்லித்தான் அவர்கள் தடுத்தார்கள். எது விலகல் என்று வாக்குச்சீட்டில் எழுதியிருக்கவில்லையே!

நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஏப்ரல் 1-ல், ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல் சரக்கு அனுப்பும் சுங்க ஒன்றியத்திலாவது இருப்போம் என்ற யோசனை மூன்றே வாக்கில் விழுந்தது. மக்களிடம் இரண்டாவது வாக்கெடுப்பு வந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று காத்திருந்தவர்களில் சிலர் இந்த யோசனையை ஆதரிக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

மக்களிடம் கேட்டதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. அதே நாட்டில் 1998-ல் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். வடக்கு அயர்லாந்தில் முப்பது வருட ரத்தத்துக்குப் பிறகு புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான ஒப்பந்தத்தை முதலில் எழுதி முடித்தார்கள். அச்சடித்த பிரதியை வீடு வீடாக அனுப்பினார்கள். அப்புறம்தான் மே 22-ல் வாக்கெடுப்பு. 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பிடிக்காதவர்களுக்கும் எதை மறுக்கிறோம் என்று தெரியும். 2016-ல் வாக்கெடுப்பு முதலில், ஒப்பந்தம் அப்புறம் என்று தலைகீழாக்கிவிட்டார்கள்.

உங்கள் அக்கா வீட்டில் மட்டும் இல்லை இந்தச் சண்டை. மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சனின் தம்பி ஜோ ஜான்சன், 2019 செப்டம்பரில், குடும்பமா நாட்டு நலனா என்று தவிப்பதாகச் சொல்லி அண்ணனின் அரசிலிருந்தே விலகினார். ஆனால் அதிகம் அடிபட்டது அந்த 1998-ன் மண்தான். வடக்கு அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் நீடிக்க வேண்டும் என்றே வாக்களித்தார்கள். ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக் குடியரசோடு அவர்களுக்கு இருப்பது சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. ஒருகாலத்தில் ராணுவச் சாவடிகள் நின்ற அங்கே இன்று மாடு மேய்கிறது, பள்ளிப் பேருந்து போகிறது. அங்கே மறுபடி சோதனைச் சாவடி வைக்க முடியாது. அதனால் ஜான்சன் சரக்குச் சோதனையை, வடக்கு அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் நடுவில் உள்ள அயர்லாந்துக் கடலுக்கு நகர்த்தினார். பிரிட்டனுக்குள்ளேயே ஒரு கோடு. அதை எதிர்த்து டி.யூ.பி. 2022 பிப்ரவரியில் மாகாண அரசிலிருந்து வெளியேறியது. இரண்டு வருடம் அங்கே முழுமையான அரசே இல்லை. சம்பள உயர்வை முடிவு செய்ய அமைச்சர் இல்லாமல், செவிலியர்களும் ஆசிரியர்களும் பேருந்து ஓட்டுநர்களும் 2024 ஜனவரி 18-ல் ஒன்றாகச் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸ்டார்மான்ட் என்ற அந்த மாகாணச் சட்டமன்றம் திரும்பக் கூடியது பிப்ரவரி 3-ல்.