சொன்ன தேதி, வந்த தேதி

(முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐரோப்பாவில் புதிய அணு உலை என்றாலே பத்து, பதினைந்து ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போகிறதே! அவர்களுக்குத் திட்டம் போடத் தெரியாதா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. பேத்தி பாதி எழுதிவிட்டுப் போட்ட கணக்கு நோட்டு. மீதிப் பக்கங்களில் நடுவே கோடு போட்டிருக்கிறேன். இடப்பக்கம் சொன்ன தேதி, வலப்பக்கம் வந்த தேதி.

முதல் பக்கமே இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையம். அதைக் கட்டும் பிரெஞ்சு மின் நிறுவனமான இ.டி.எஃப்.பின் பிரிட்டன் பிரிவுக்குத் தலைவராக இருந்த வின்சென்ட் டி ரிவாஸ் 2007இல் ஒரு வாக்குக் கொடுத்தார்: 2017 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டன் மக்கள் புதிய அணுமின்சாரத்தில் வான்கோழி சமைப்பார்களாம். அந்தக் கிறிஸ்துமஸ் வந்து போனது. முதல் உலையின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டியது அதற்கும் அடுத்த ஆண்டு டிசம்பரில். 2024 ஜனவரியில் நிறுவனமே சொன்ன கணக்கின்படி, முதல் உலை ஓடுவது 2029க்கும் 2031க்கும் இடையில். 1,800 கோடி பவுண்ட் என்று தொடங்கிய செலவு, 2015 விலைவாசியிலேயே 3,100 முதல் 3,500 கோடி ஆகிவிட்டது.

காரணங்களில் ஒன்று, பிரெஞ்சு வரைபடத்தை பிரிட்டனின் விதிகளுக்கு ஏற்ப மாற்றியது. 7,000 மாற்றங்கள். அதனால் 35 சதவீதம் கூடுதல் இரும்பு, 25 சதவீதம் கூடுதல் கான்கிரீட். வீடு கட்டியவர்களுக்குப் புரியும். ஒரு ஜன்னலை இடம் மாற்றச் சொன்னாலே நம் கொத்தனார் இரண்டு நாள் வரமாட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரான்சின் ஃப்ளமன்வில் மூன்றாம் உலை 2007 டிசம்பரில் தொடங்கி, 2024 டிசம்பர் 21 அன்றுதான் மின்தொகுப்பில் இணைந்தது. பதினேழு ஆண்டுகள்! நீராவிக் குழாய்களில் வைத்த வெல்டிங் பற்றுகள் தரமாக இல்லை என்று தெரிந்து, கை நுழையாத இடத்தில் ரோபோவை அனுப்பிப் பிரித்து மறுபடியும் பற்றவைத்தார்கள். ஐம்பதுக்கும் மேல் உலைகள் வைத்திருக்கும் நாட்டுக்கா இந்தக் கதி? அதற்கு முந்தைய உலையின் கட்டுமானம் அங்கே தொடங்கியது 1991இல். நடுவே பதினாறு ஆண்டுகள். பழைய வெல்டர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். புதியவர்களுக்குக் கை பழகவில்லை. சீனாவில் ஃபூச்சிங் ஐந்தாம் உலை 2015 மே மாதம் தொடங்கி 2020 நவம்பரில் மின்சாரம் தந்தது. அங்கே ஓர் உலையை முடித்த கையோடு அதே ஆட்கள் அடுத்ததற்குப் போகிறார்கள்.

கேள்வி: நம் கல்பாக்கம் ஈனுலை உங்கள் நோட்டில் உண்டா? – ஒரு வாசகி, செங்கல்பட்டு

உண்டு. ஈனுலை என்றால், எரிப்பதைவிட அதிகமாகப் புதிய எரிபொருளை ஈன்று தரும் அணு உலை. நம் வீட்டுப் பிள்ளை என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் போடவில்லை. 500 மெகாவாட், தொடங்கியது 2004, சொன்னது 2010. உலையின் மையத்தில் பாகங்களை இறக்கத் தொடங்கியது 2024 மார்ச்சில். தொடங்கிய ஆண்டின் டிசம்பரிலேயே சுனாமி வந்து அடித்தளக் குழிக்குள் கடல் புகுந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலையின் சூட்டை வெளியே கொண்டுவருவது உருகிய சோடியம். தண்ணீர் பட்டாலே கொதித்தெழும் அந்தப் பொருளை, மெல்லிய குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரை வைத்து நீராவியாக்கும் இயந்திரத்துக்குள் ஓட விடுகிறார்கள். அவசர அவசரமாகக் கட்டியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

கேள்வி: குஜராத்தின் கவ்டாவில் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்து 30,000 மெகாவாட் மின்பூங்கா வருகிறதாம். இப்போது ஓடும் கூடங்குளத்தைப் போலப் பதினைந்து மடங்கு என்கிறான் என் மகன். சரியா? – ஒரு வாசகர், விருதுநகர்

இரவு எட்டு மணிக்கு இதே கேள்வியை மகனிடம் திருப்பிக் கேளுங்கள்.

சோலார் தகட்டின் மேல் எழுதியிருக்கும் மெகாவாட் உச்சி வெயிலுக்கானது. ஆண்டு முழுவதும் சராசரி போட்டால் நல்ல வெயில் தேசத்தில்கூட அதில் கால் பங்குதான் கிடைக்கும். காற்றாலையும் கலந்திருப்பதால் கொஞ்சம் கூடும். ஆக 30,000 என்பது, ஏழெட்டாயிரம் மெகாவாட் ஓயாமல் ஓடுவதற்குச் சமம். கூடங்குளத்தின் இரண்டு உலைகளோடு ஒப்பிட்டால் நான்கைந்து மடங்கு. அதுவே பெரிய காரியம். 538 சதுர கிலோமீட்டர், பாரிஸ் நகரைப் போல ஐந்து மடங்கு, புல்லும் முளைக்காத உப்புத் தரை!

எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் லோடு டிஸ்பாட்ச் சென்டரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, எங்கள் மீட்டர் முள் பறக்கும். ஆரல்வாய்மொழியில் காற்று எழுந்தால் அனல் நிலையத்துக்குப் போன் செய்து குறைக்கச் சொல்வோம். அரை மணியில் காற்று விழும், மறுபடியும் போன். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லித் திட்டினார் என்பதை அச்சில் எழுத முடியாது.

சோலார் தகடுகளை ஓரிரு ஆண்டுகளில் நட்டுவிடலாம். கம்பி அப்படியில்லை. கவ்டாவிலிருந்து நாக்பூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை போடுகிறார்கள். அதன் ஒவ்வொரு கோபுரத்துக்கும் யாரோ ஒருவருடைய வயலில் நான்கு கால் ஊன்ற வேண்டும். ராஜஸ்தானில் பாதை போதாமல், நல்ல வெயிலிலேயே உற்பத்தியைக் குறைக்கச் சொன்னதும் நடந்திருக்கிறது. என் நோட்டில் கவ்டாவுக்கு இரண்டு பக்கம். தகட்டுக்கு ஒன்று, கம்பிக்கு ஒன்று.

கேள்வி: பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் மலைமேல் நீரேற்றி, இரவில் இறக்கிக்கொண்டால் போதுமே? எங்கள் குந்தாவில்கூட 500 மெகாவாட்டுக்குக் கட்டுகிறார்களே. – ஒரு வாசகர், ஊட்டி

நீர் ஏறும். மலை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி 2.0 திட்டத்தைப் பாருங்கள். டான்டங்காரா, டால்பிங்கோ என்ற இரண்டு பழைய நீர்த்தேக்கங்களைச் சுமார் 27 கிலோமீட்டர் சுரங்கங்களால் இணைக்கிறார்கள். முடிந்தால் 2,200 மெகாவாட்டை ஆறு நாளுக்கு மேல் நிறுத்தாமல் தரும். 2017இல் பிரதமர் மால்கம் டர்ன்புல் அறிவித்தபோது நான்கு ஆண்டு, 200 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023இல் அதே திட்டம் 1,200 கோடி டாலர்.

சுரங்கம் குடையும் இயந்திரங்களுக்குப் பெண் பெயர் வைப்பது வழக்கம். அங்கே ஒன்றுக்கு, அந்நாட்டின் முதல் பெண் மின்பொறியாளரின் நினைவாக ஃப்ளாரன்ஸ் என்று பெயர். 2022இல் கிளம்பிய ஃப்ளாரன்ஸ் ஏறக்குறைய 150 மீட்டர் போனதும் இளகிய ஈர மண்ணில் சிக்கி நின்றது. மேலே தரை உள்வாங்கிப் பள்ளமானது. மீட்டு ஓட்டினால், 2024இல் கடினப் பாறை நெரித்து மறுபடியும் நின்றது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பதுகளில் ஒரு மலைச் சுரங்கத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். சோதனைத் துளைகள் எல்லாவற்றிலும் கெட்டிப் பாறை என்றது அறிக்கை. ஒரு சனிக்கிழமை இரவு ஷிப்டில் பாறை நடுவே இருந்து சேறு பிதுங்கி வந்தது. பதினொரு வாரம் பம்பு ஓட்டினோம். எங்கள் வயதான ஃபோர்மன் முதல் நாளே சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மலைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தார். அறிக்கையை நம்பிய நான் அவரை நம்பவில்லை.

குந்தாவின் பக்கத்தை இன்னும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சொன்ன தேதிக்குள் முடிந்தது ஒன்றாவது உண்டா? – ஒரு வாசகி, திருச்சி

ஒன்று உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம், அப்போது 100 மெகாவாட். ஒப்பந்தம் கையெழுத்தாகி நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று 2017இல் சவால் விட்டார் எலான் மஸ்க். கையெழுத்து செப்டம்பர் 29. ஓடத் தொடங்கியது டிசம்பர் 1. அறுபத்து மூன்று நாள். கையெழுத்தான அன்றே பாதி பேட்டரிகளைப் பொருத்தி வைத்திருந்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.