கல்லூரியில் மகளை என்.எஸ்.எஸ்.-ல் சேர விடலாமா? மார்க் வராத வேலைக்கு நேரம் செலவழிப்பது சரியா?

சேர விடுங்கள். இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "மார்க் வராத வேலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபிறகு சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. நான் இன்று அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். அந்த அறிவியல் எனக்குள் இறங்கியது நீங்கள் சொல்கிற அந்த மார்க் வராத வேலையில்தான்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மகள் முதலாமாண்டு என்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறும் முதல் ஆளாகக்கூட இருக்கலாம். ஃபீஸ் கட்டக் கடன் வாங்கியிருப்பீர்கள். இந்த நிலையில் ஏழு நாள் ஏதோ ஒரு கிராமத்தில் தங்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். என் அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தெருவு கூட்டறதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டார். அம்மா ஒரு வாரம் பேசிப் பேசித்தான் கையெழுத்து வாங்கினாள்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் என்கிற என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. அப்போது மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தவர் வி.கே.ஆர்.வி. ராவ். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்று ஆரம்பித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு, சமூக சேவை எல்லா நிலையிலும் படிப்போடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. படிப்பு முடித்தபிறகு செய்கிற தர்மமாகவோ, நேரம் மிச்சமிருந்தால் செய்கிற காரியமாகவோ அவர்கள் அதை நினைக்கவில்லை. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. மார்க்கே வராது என்பதும் முழுக்கச் சரியில்லை. தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் பகுதி 5 என்று ஒன்று வைத்து, இதற்கு ஒரு கிரெடிட் தருகிறார்கள். அந்த ஒரு கிரெடிட்டுக்காக யாரும் சேர வேண்டாம் என்பேன், அது வேறு விஷயம்.

இனி என் கதை.

நான் பி.எஸ்சி. வேதியியல். ஊர் தர்மபுரி மாவட்டம். எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. பாறைகளில் இருக்கும் தாதுக்களிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலேயே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போகும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிற பெண் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். எங்களைப் பொறுத்தவரை அது பிறவியில் வந்த பல், அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியில் என்.எஸ்.எஸ்.-ஐப் பொறுப்பேற்று நடத்திய திட்ட அலுவலர், வேதியியல் துறைப் பேராசிரியர். டிசம்பரில் பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் முகாம். முதல் இரண்டு நாளும் எல்லா முகாமிலும் நடப்பதுதான். கோயில் வளாகம் சுத்தம், பள்ளிச் சுவருக்கு வெள்ளை, சாயங்காலம் விழிப்புணர்வுப் பாட்டு. மூன்றாம் நாள் காலையில் சார் பிளாஸ்டிக் பாட்டில்களையும் ஃப்ளூரைடு சோதனைப் பெட்டியையும் எடுத்து வைத்தார். ஊரில் இருக்கிற ஒவ்வொரு அடிபம்பு, போர், கிணறு எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் எடுத்து வாருங்கள் என்றார்.

தண்ணீர் எடுப்பதற்கே முறை இருக்கிறது. கண்ணாடிப் பாட்டில் ஆகாது, ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும். பம்பைக் கொஞ்ச நேரம் அடித்து, குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியே விட வேண்டும். எடுக்கப்போகிற தண்ணீராலேயே பாட்டிலை அலச வேண்டும். எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை வீடு அதைக் குடிக்கிறது என்று அங்கேயே நின்று எழுத வேண்டும். எடுத்து வந்த தண்ணீரில் சிர்கோனியம் கலந்த சாயக் கரைசலை ஊற்றினால், ஃப்ளூரைடு இல்லாதபோது சிவப்பாக நிற்கும். கூடக் கூட நிறம் மஞ்சள் பக்கம் போகும். ஃப்ளூரைடு அயனி சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிடுங்கி, தன்னோடு நிறமற்ற அணைவுச் சேர்மமாகக் கட்டிக்கொள்கிறது. இந்த அணைவுச் சேர்மப் பாடத்தை அதற்கு முந்தைய செமஸ்டரில் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். அது ஒரு ஊரின் பல்லோடும் முதுகெலும்போடும் சம்பந்தப்பட்டது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஊரின் நடுவில் எல்லோரும் குடிக்கிற ஆழமான போர்த் தண்ணீர், நிறத்தை ஒப்பிட்டு அளவு பார்க்கும் அட்டையின் கடைசி மஞ்சளுக்குப் போய் நின்றது. சார் எங்களிடம் சோதனை முடிவு எழுதிய தாளைக் கொடுத்து வீடு வீடாகச் சொல்லச் சொன்னார். நானும் இன்னொரு பெண்ணும் போனோம். ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருத்தி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் கேட்டாள்: "ஏங்கண்ணு, இந்தத் தண்ணி ஆகாதுங்கறீங்க. அப்ப எந்தத் தண்ணியக் குடிக்கறது?" உள்ளேயிருந்து மருமகள், "நாங்க கொதிக்க வெச்சுத்தானே குடிக்கறோம்?" என்றாள்.

இரண்டு கேள்விக்கும் எங்கள் தாளில் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி பள்ளி வராண்டாவில் சார் எங்களை உட்கார வைத்து, பகலில் யார் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். சேவை வழிக் கற்றல் என்று இன்று கல்வியியல் வகுப்புகளில் சொல்கிறார்களே, அதன் உயிர் இந்த ராத்திரி உட்காருதலில்தான் இருக்கிறது. வேலை செய்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டால் அது வெறும் உழைப்பு. செய்ததைப் பேசி, புத்தகத்தோடு மோதவிட்டு, மறுநாள் திரும்பவும் அதே வாசலுக்குப் போனால்தான் அது படிப்பு.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு எங்கே போகும்? தண்ணீர் ஆவியாகிறது, ஃப்ளூரைடு பாத்திரத்திலேயே நிற்கிறது. அப்படியானால் காய்ச்சக் காய்ச்ச அடர்த்தி கூடத்தானே செய்யும்? எங்களில் ஒருவன் இதைச் சொன்னதும் எல்லோரும் சட்டென்று நிமிர்ந்தோம். ஊரே நல்லது என்று நினைத்துச் செய்துகொண்டிருந்த காரியம் அது. அடுத்து பாட்டியின் கேள்வி. எங்கள் பட்டியலில் ஏரிக்கரையோரம் கைவிட்டுக் கிடந்த ஒரு திறந்த கிணறு இருந்தது, அதில் ஃப்ளூரைடு வரம்புக்குள்தான் இருந்தது. ஏரித் தண்ணீர் ஊறுகிற, ஆழம் குறைந்த கிணறு. பாறையோடு நீண்டகாலம் கிடக்காத நீர். ஆனால் திறந்த கிணறு என்றால் கிருமி இருக்கும், அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்க வேண்டும். காய்ச்ச வேண்டிய தண்ணீர் ஒன்று, காய்ச்சியும் பயனில்லாத தண்ணீர் இன்னொன்று. இதை மறுநாள் அந்த மருமகளுக்குப் புரியும்படி சொல்வதற்கு நாங்கள் பட்ட பாடு எந்தப் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் படவில்லை.

முகாம் முடிந்தது. சார் விடவில்லை. மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யச் சொன்னார். ஜனவரி 26 கிராம சபைக்கு எங்களைத் திரும்ப அழைத்துப்போனார். அங்கே மைக் கிடையாது. நான் எழுந்து நின்று எந்தப் போரில் எவ்வளவு என்று வாசித்தேன். கால் நடுங்கியது, ஆனால் குரல் நின்றது. அதே பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, "தலைவரே, கிணத்தைத் தூர் வாரிக் குடுங்க, அத்த எழுதுங்க" என்றாள். தீர்மானத்தில் ஏறியது. கோடைக்குள் கிணறு தூர்வாரி, வலை போட்டு, குளோரின் போட ஆளும் வைத்தார்கள். பின்னால் 2013-இல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது எங்கள் மாவட்டத்தின் நிலைமையே மாறத் தொடங்கியது. அந்தப் பெரிய வேலைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதற்கு நான் பங்கு கேட்கவும் இல்லை. இடையில் கிடந்த சில வருடங்களில் அந்த ஊரின் சின்னப் பிள்ளைகள் வேறு தண்ணீர் குடித்தார்கள். நிரந்தரப் பல் உருவாகிற வயதில் அந்தச் சில வருடங்கள் சாதாரணமில்லை. ஒருமுறை விழுந்த கறை திரும்பப் போகாது.

இதைப் படித்ததும் சிலர் வருவார்கள் என்று தெரியும். தண்ணீரைச் சோதிப்பது அரசாங்கத்தின் வேலை, மாணவர்களை வைத்துச் சும்மா வேலை வாங்குவது சுரண்டல் என்பார்கள். அரசாங்கத்தின் வேலைதான், மறுக்கவில்லை. எங்கள் சோதனை வாரியத்தின் சோதனைக்கு மாற்றாக இருக்கவில்லை. வாரியத்திடம் கேட்பதற்கு ஊருக்கு ஒரு தாள் கிடைத்தது, அதுதான் நாங்கள் செய்தது. இன்னும் சிலர், உனக்கு நல்ல சார் கிடைத்தார், எல்லோருக்குமா கிடைக்கிறார் என்பார்கள். அதுவும் உண்மை. அதனால்தான் கீழே சிலவற்றை விசாரிக்கச் சொல்கிறேன். அறிவொளி இயக்கத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களிலும் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத இளைஞர்கள்தான். அவர்களில் யாரையாவது சந்தித்தால் அது சுரண்டலா என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். என் தங்கை படித்த கல்லூரியில் என்.எஸ்.எஸ். என்றால் விழாவுக்கு நாற்காலி போடுவது, வருகிற விருந்தினருக்கு டீ கொடுப்பது, பிரமுகர் வருகிறார் என்று வெயிலில் தொப்பி போட்டு இரண்டு வரிசையாக நிற்பது. அந்த 240 மணி நேரமும் அப்படியே கழிந்தது, ரெக்கார்டு நோட்டில் மட்டும் மரம் நட்டதாகவும் ரத்ததான விழிப்புணர்வு செய்ததாகவும் எழுதினார்கள். அதே வேப்பங்கன்று நட்ட குழியில் அடுத்த வருடமும் ஒரு கன்று நட்டுப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பிள்ளையின் நல்ல மனதை எடுத்துக்கொண்டு அதற்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுப்பதை என்னால் பொறுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆசிரியராக வந்தபிறகு என் பிள்ளைகளோடு இப்படி ஒரு தண்ணீர்ச் சோதனை செய்யலாம் என்று வருடா வருடம் நினைக்கிறேன். வகுப்பு நேரத்தில் பாதி, செல்போனில் விவரம் ஏற்றுவதில் போகிறது. வருகைப் பதிவு, பயிற்சித் தேர்வு, யார் செருப்பு வாங்கினார்கள், யார் பை வாங்கினார்கள். சிக்னல் கிடைக்காமல் மொட்டைமாடியில் நின்று ஏற்றுகிறோம். கீழே வகுப்பில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியரைப் பாடம் நடத்த விட்டாலே நாட்டில் பாதிச் சேவை நடந்துவிடும். சரி, விடுங்கள்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்வதற்கு முன் திட்ட அலுவலர் யார், எந்தத் துறை என்று விசாரிக்கச் சொல்லுங்கள். தத்தெடுத்த கிராமம் எது, எத்தனை வருடமாக அதே ஊருக்குப் போகிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்கட்டும். வருடத்துக்கு ஒரு ஊர் மாறினால் போட்டோவுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். முகாம் முடிந்தபிறகு அந்த ஊருக்கு யாராவது திரும்பப் போனார்களா என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. அவள் படிக்கிற பாடத்துக்கும் அங்கே செய்கிற வேலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்றும் பார்க்கட்டும். வணிகவியல் படிக்கிறவள் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டைச் சரிபார்க்கலாம், தாவரவியல் படிக்கிறவள் ஊர் ஏரிக்கரையில் என்னென்ன வளர்கிறது என்று பதிவு செய்யலாம். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது எந்தத் துறைக்காரருக்கும் கிடைக்கிற நல்ல வேலை. எதிரில் இருப்பவர் சொல்வதைத் தன் சரக்கு எதையும் கலக்காமல் எழுதுகிற ஒழுக்கம் அதில் வரும்.

ஒருவேளை அவள் கல்லூரியில் டீ கொடுக்கிற என்.எஸ்.எஸ்.தான் இருக்கிறது என்றால், சேர்ந்த பிறகு தோழிகளோடு போய் அலுவலரிடம் வேறு வேலை கேட்கட்டும். கேட்டுப் பெறலாம், என் தங்கையின் ஜூனியர்கள் கேட்டுப் பெற்றார்கள்.

ராத்திரி தங்குவது பற்றிய உங்கள் கவலைக்கு: மாணவிகள் போகிற முகாமுக்குப் பெண் பேராசிரியர் ஒருவர் கூடத் தங்குவார். யார் என்று பெயரையும் எண்ணையும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் கதவு தாழ்ப்பாள், கழிப்பறை, தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருநாள் நேரில் போயும் பார்க்கலாம். என் அப்பா நான்காம் நாள் வந்தார், பாட்டிலும் கையுமாக நான் ஒரு வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தூர நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனார். அடுத்த வருட முகாமுக்குத் தாளை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படிப்பு கெடுமா என்றால், முகாமை மாடல் தேர்வோடு மோதாமல் வைப்பார்கள், மோதினால் அலுவலரிடம் இப்போதே சொல்லச் சொல்லுங்கள். வருகைப் பதிவு குறையாமலிருக்கத் தருகிற ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தை முகாமுக்குக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்து வாங்கலாம் என்று விட்டால் நடையாய் நடக்க வைப்பார்கள்.