கார்டு, ஸ்கிராப்புக் வேலைக்கு எந்த டை கட்டிங் மெஷின் வாங்கலாம்?

கேள்வி: வாழ்த்து அட்டையும் குழந்தைகளுக்கான போட்டோ ஆல்பமும் வீட்டிலேயே செய்து கொடுக்கிறேன். பூ, இலை, பார்டர் எல்லாம் கத்தரிக்கோலில் வெட்டி மணிக்கட்டு வலிக்கிறது. பிக் ஷாட் மாதிரி கைப்பிடி சுற்றும் மெஷின் வாங்குவதா, கிரிகட் மாதிரி கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின் வாங்குவதா? கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிறேன். இங்கே கடையில் போய்ப் பார்த்து வாங்க வழியில்லை.

பதில்:

உங்க வேலைக்கு முதல் மெஷின், பிக் ஷாட் மாதிரி கைப்பிடி சுற்றுகிற, ஆறு இஞ்ச் வாய் உள்ள ரோலர் மெஷின்தான். ஆல்பத்துக்கு ஆல்பம் குழந்தையின் பெயரைத் தமிழில் வெட்டி ஒட்டுவதுதான் உங்க முக்கிய வேலை என்றால் மட்டும் இந்தப் பதில் மாறும். அப்போது கம்ப்யூட்டர் மெஷின். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற சின்ன மாடல், பெரிய மாடல் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் பணத்தைப் போடுகிறார்கள். இரண்டுக்கும் வேலை வேறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்த்து வாங்க வழியில்லை என்கிறீங்க. இரண்டு வகையின் பெரிய உருவமும் நம்ம பக்கமே இருக்கிறது. ஈரோட்டிலோ திருப்பூரிலோ அட்டைப்பெட்டியும் பனியன் டேக்கும் போடுகிற பிரஸ் ஒன்றில், பஞ்சிங், அதாவது அட்டையை வடிவமாக வெட்டுகிற வேலை, ஓடும்போது பார்க்கலாமா என்று கேளுங்க. பிளைவுட் பலகையில் வடிவத்தை அறுத்து, அந்தக் கோட்டில் ஸ்டீல் பிளேடை வளைத்துச் சொருகியிருப்பார்கள். இந்த வெட்டும் அச்சுதான் டை. பிளேடுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டியிருக்கும். வெட்டிய அட்டையை அதுதான் திருப்பித் தள்ளிவிடும். மெஷின் மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதே வடிவம், அச்சுப் பிசகாமல் விழும். வேறு வடிவம் வேண்டுமென்றால் வேறு டை செய்தாக வேண்டும். பிக் ஷாட் வகை இந்தக் குடும்பம்.

அடுத்தது, வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியும் ஓடுகிற சீமையில் இந்தக் கடைக்குப் பஞ்சமில்லை. அங்கே இருக்கிற பிளாட்டரில் டையே கிடையாது. கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின் மேல் பேனா முனை அளவு கத்தி ஒன்று இடமும் வலமுமாக ஓடும், ஸ்டிக்கர் ரோல் முன்னும் பின்னும் நகரும். இப்போது முருகன் துணை வெட்டும், அடுத்த நிமிஷம் ஓனர் பெயர் வெட்டும். கிரிகட், சில்லவுட் கேமியோ எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு நாள் இரண்டையும் நின்று பார்த்துவிட்டீங்க என்றால், உங்க வேலை எதன் பக்கம் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் ரோலர் மெஷின். பிரஸ் மெஷின் டை முழுவதையும் ஒரே நேரத்தில் அமுக்கும், அதனால்தான் அதற்கு அத்தனை இரும்பு. வீட்டு மெஷினில் டையையும் தாளையும் தட்டுகளுக்கு நடுவே வைத்து உள்ளே விடுவோம். இரண்டு உருளைக்கு நடுவே அந்தத் தட்டு நகரும்போது, ஒரு நேரத்தில் ஒரு கோட்டளவு இடம்தான் அமுங்கும். கைப்பிடி சுற்றுகிற பலமே போதும் என்பது அதனால்தான். இதிலிருந்தே ஒரு கைப்பழக்கம் வருகிறது. சதுரம், செவ்வகம் மாதிரி நேர்விளிம்பு உள்ள டையை உருளைக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வையுங்க. நேராக வைத்தால் அந்த விளிம்பு மொத்தமும் ஒரே நொடியில் உருளைக்கடியில் வந்து, கைப்பிடி கனத்துப் போகும்.

அகலம் ஏன் ஆறு இஞ்ச்? ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் ஏ5, அதன் சின்னப் பக்கம் 148 மி.மீ. ஆறு இஞ்ச் என்பது 152 மி.மீ. ஆக, ஏ5 தாள் அப்படியே உள்ளே போகும். அதை மடித்தால் ஏ6 வாழ்த்து அட்டை. நீங்க செய்வதில் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். இரண்டரை, மூன்று இஞ்ச் குட்டி மெஷின்கள் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் ஒரு நீளமான பார்டர் டை வாங்கிய அன்றே அது போதாது என்று தெரிந்துவிடும். ஒன்பது இஞ்ச் மெஷினில் ஏ4 தாள் முழுசாகப் போகும். பெட்டியும் கவரும் செய்கிறவர்களுக்கு அது சரி, உங்களுக்கு மேஜையில் இடம்தான் அடைக்கும்.

மெஷினைவிட டைதான் செலவு. அதனால் டையைப் பற்றித் தெளிவாக இருங்க. மெல்லிய தகடு டை ஒரு வகை. பூ, இலை, சரிகை மாதிரி நுணுக்கமான வடிவமெல்லாம் இதில்தான் வரும். இதில் ஒரு நல்லது, மெஷின் ஒரு கம்பெனி, டை வேறு கம்பெனி என்று இருந்தாலும், அகலத்துக்குள் அடங்கினால் ஓடும். தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறும். இன்னொரு வகை, பிளேடு வைத்த தடிமனான டை. சிசிக்ஸ் கம்பெனி இதை பிக்ஸ் என்ற பெயரில் விற்கிறது. கிட்டத்தட்ட 16 மி.மீ. கனம். ஃபெல்ட், துணி, தடித்த அட்டை எல்லாவற்றையும் இது வெட்டும். திருப்பூரிலிருந்து பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்கி ஆல்பத்தில் துணிப்பூ ஒட்டலாம் என்று நினைத்தால் இந்த வகைதான் வேண்டும். மெல்லிய தகடு டையில் பனியன் துணி இழுபட்டு, நூல் தொங்கும். பழைய நெகமம் சேலைத் துண்டு போன்ற நெய்த துணிக்குப் பின்னால், தையல்காரர்கள் காலருக்கு வைக்கிற ஒட்டுக் கேன்வாஸை அயர்ன் செய்து ஒட்டிவிட்டால், பிசிறில்லாமல் வெட்டுப்படும். அம்மாவின் சேலையில் வெட்டிய பூ, குழந்தை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கும்போது அதை வாங்குகிறவர் முகத்தைப் பாருங்க. அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு உடனே தோன்றுகிற யோசனை ஒன்று இருக்கிறது: வெளியூர் டையை விலை கொடுத்து வாங்குவானேன், பிரஸ்ஸுக்கு டை செய்து தருகிறவரிடமே நமக்கு வேண்டிய மயில், கும்பம், மாவிலை எல்லாம் செய்து வாங்கிக்கொள்ளலாமே என்று. செய்து தருவார்கள். ஆனால் பிரஸ் டையின் பிளேடு உயரம் வழக்கமாக 23.8 மி.மீ. அது வீட்டு ரோலர் மெஷினின் வாய்க்குள் நுழையாது. அப்படியொரு டை செய்தால் வெட்டுவதையும் அந்தப் பிரஸ்ஸிலேயே கொடுத்துவிடுங்க. கல்யாணத்துக்கோ காதுகுத்துச் சீருக்கோ சில நூறு கவர் ஒரே மாதிரி வேண்டும் என்று ஆர்டர் வந்தால் அதுதான் சரியான வழியும்கூட. வீட்டு மெஷினில் அத்தனையும் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. தட்டும் தேயும், உங்க மணிக்கட்டும் போகும்.

மணிக்கட்டு வலி என்று எழுதியிருக்கீங்க. கத்தரிக்கோல் பிடிக்கிற வலி வேறு, கைப்பிடி சுற்றுகிற வலி வேறு. பெரும்பாலோருக்குச் சுற்றுவது தோளில்தான் தெரியும், விரலில் தெரியாது. அதுவும் முடியாது என்றால் மோட்டார் வைத்த ரோலர் மெஷின் இருக்கிறது. கிராஃப்டர்ஸ் கம்பேனியன் கம்பெனியின் ஜெமினி அப்படித்தான். அதில் ஜூனியர் என்பது ஆறு இஞ்ச் அகலம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது கொண்டுவருவதாக இருந்தால், மெஷினின் அடியில் ஒட்டியிருக்கிற வோல்டேஜைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அங்கே 120 வோல்ட், நமக்கு 230. 120 மட்டும் போட்டிருந்தால் இங்கே நேராகச் சொருகக் கூடாது. கையால் சுற்றுவதற்கு அந்தப் பேச்சே இல்லை, கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

ரோலர் மெஷினுக்கு இன்னொரு பலம், எம்பாசிங் ஃபோல்டர். பிளாஸ்டிக் மடிப்புக்குள் அட்டையை வைத்து உருட்டினால், கோலப் புள்ளி மாதிரியும் ஓலைப் பின்னல் மாதிரியும் மேடு பள்ளம் எழும்பி வரும். தாள் கிழியாமல் ஆழமாக விழ, அட்டையில் தண்ணீரை லேசாகப் புகைமாதிரித் தெளித்துவிட்டு உருட்டுங்க. கம்ப்யூட்டர் மெஷினில் இந்த அழகு வராது. கிரிகட்டின் மேக்கர் என்ற மாடலில் கோடு அமுக்குகிற முனை உண்டு, ஆனால் அட்டை முழுக்க இப்படிப் புடைத்துக்கொண்டு நிற்பது வேறு.

இனி கம்ப்யூட்டர் மெஷின். நான் இதை மதிப்பது தமிழுக்காக. இங்கிலீஷ் எழுத்து டை செட் எங்கே தேடினாலும் கிடைக்கும். தமிழில் உயிர், மெய், கொம்பு, கால் என்று டை செட் கடையில் தேடி வாங்குவது பெரும்பாடு. கத்தி ஓடும் மெஷினில் எந்தப் பெயரையும் வெட்டலாம். ஆனால் நேராகத் தட்டச்சு செய்து பட்டனை அழுத்தினால் வேலை முடியாது. கவின் என்று வெட்டுங்க: ன் மேலிருக்கிற புள்ளி தனியாக உதிர்ந்து விழும். சுழி உள்ள எழுத்திலெல்லாம் உள்ளே இருக்கிற துண்டும் தனியாகக் கழன்று வரும். மெஷினோடு வரும் மென்பொருளில் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்பதும் நடக்கிற காரியம்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பெயரை அடியுங்க. தடிமனான தமிழ் எழுத்துருவாகப் பாருங்க. ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தைக் கோடாக்கி, யூனியன் கொடுத்து ஒன்றாக இணைத்து, எஸ்விஜி கோப்பாக, அதாவது வடிவத்தைக் கோடாகவே வைத்திருக்கிற கோப்பாக, சேமியுங்க. புள்ளிக்கு வழி, அதே பெயரைச் சுற்றிலும் கொஞ்சம் ஊதவைத்து இன்னொரு நகல் எடுப்பது. அப்படி ஊதும்போது புள்ளியும் எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பின்தாளை ஒரு நிறத்தில் வெட்டி, அதன் மேல் அசல் பெயரை வேறு நிறத்தில் ஒட்டினால் புள்ளி தன் இடத்தில் உட்காரும், பெயரும் நிழல் விழுந்ததுபோல் எடுப்பாக இருக்கும். எங்க பெரியம்மா இப்படிச் செய்த ஒரு பெயர்ப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இத்தனையும் கையிலயேவா வெட்டுன?" என்று கேட்டார்.

எந்தக் கம்பெனி? மெஷினைவிட மென்பொருளைப் பார்த்து முடிவு செய்யுங்க. கிரிகட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸ் பெரும்பாலும் இணைய இணைப்பை நம்பித்தான் ஓடும். 2021 மார்ச்சில் அந்தக் கம்பெனி, சொந்த டிசைன்களை மாதம் 20 வரைதான் இலவசமாக ஏற்றலாம் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் எல்லோரும் கொதித்தெழுந்த பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. மெஷின் நம்ம வீட்டில் இருந்தாலும் சாவி அவர்களிடம் இருக்கிறது என்பதை மனதில் வையுங்க. கேமியோவுக்கான மென்பொருள் சில்லவுட் ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலேயே உட்காரும், நெட் இல்லாவிட்டாலும் வெட்டும். ஆனால் அதன் இலவசப் பதிப்பில் எஸ்விஜி திறக்காது, டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகைக் கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோக வேண்டும். பிரதர் ஸ்கேன்-என்-கட் மெஷினில் ஸ்கேனர் உள்ளேயே இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் பெயரை எழுதி உள்ளே கொடுத்தால், அதே கையெழுத்தை வெட்டித் தரும், கம்ப்யூட்டரே வேண்டாம். தமிழுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பாட்டி தன் கையால் எழுதிய பேரன் பெயரை அப்படியே வெட்டி ஆல்பத்தில் ஒட்டலாம்.

அகலம், கிரிகட் மேக்கருக்கும் கேமியோவுக்கும் 12 இஞ்ச், அதாவது ஸ்கிராப்புக்கின் முழுப் பக்கம். கிரிகட் ஜாய் நாலரை இஞ்ச்தான். ஆல்பம் வேலைக்குக் காணாது. கனத்த அட்டையில் பெட்டி செய்கிற எண்ணம் இருந்தால் மேக்கரின் நைஃப் பிளேடு 2.4 மி.மீ. வரை வெட்டும்.

இந்த மெஷின்களில் தாளை ஒட்டிவைக்கிற மேட் என்ற பசைத்தட்டுதான் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் தூசி எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த நிமிஷமே அதன் மேல் வருகிற பிளாஸ்டிக் தாளை மூடிவிடுங்க. ஜன்னல் பக்கம் மெஷினை வைக்காதீங்க. தாள் சரியாக ஒட்டாமல் ஓரம் தூக்கினால், கத்தி அதை இழுத்துக் கிழித்துவிடும்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளுக்கு அத்தனை கிராம் எடை. அதில் வெட்டிய பூ சுருண்டு போகும். பூவுக்கும் இலைக்கும் 160 முதல் 220 வரை, அட்டையின் அடித்தாளுக்கு 250 முதல் 300 வரை கேட்டு வாங்குங்க. நுணுக்கமான டையில் தாள் சிக்கிக்கொண்டு வராவிட்டால், டைக்கும் தாளுக்கும் நடுவே பட்டர் பேப்பர் ஒரு துண்டு வைத்து உருட்டினால் கழன்று வரும்.

நீங்க இப்போதே வாங்குவதாக இருந்தால்: ஆறு இஞ்ச் ரோலர் மெஷின், உபரியாக ஒரு ஜோடி வெட்டும் தட்டு, அளவு அளவாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வட்ட டை செட் ஒன்று, செவ்வக செட் ஒன்று, இலை டை ஒன்று, எம்பாசிங் ஃபோல்டர் ஒன்று. தட்டு ஒரே பக்கம் வெட்டுப்பட்டால் வில்லாக வளையும். ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போடுங்க. பெயர் வேண்டுகிற ஆல்பம் வரும்போது, இங்க்ஸ்கேப் கோப்பை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டிக்கர் கடைக்கே போங்க. வினைல் ஸ்டிக்கரில் வெட்டித் தருவார்கள். அட்டையின் மேல் ஒட்டினால் போதும். அப்படிப் போக வேண்டியது வாரா வாரம் என்று ஆகும்போது கம்ப்யூட்டர் மெஷினுக்குப் பணம் எடுத்து வைக்கலாம்.