த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா?

கிருஷ்ணகிரி சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் கார் உதறுகிறது, மெக்கானிக் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்கிறார், தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகத் தேவைதான்.

ஏர் ஃபில்டருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் பாகம் அது. உள்ளே வட்டமான ஒரு தகடு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறப்பது அந்தத் தகடுதான். உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப ஈசியு என்கிற எஞ்சின் கணினி பெட்ரோலை அளந்து விடும். இப்போதைய கார்களில் கேபிள் கிடையாது, தகட்டைத் திருப்புவது மோட்டார்.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும், விளிம்பில் மயிரிழை இடைவெளிதான். எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே கரியாகப் படிந்தால் காற்று குறையும், ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்கும். நம்ம பக்கத்து குவாரிப் புழுதியில் ஓடும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். ஆனால் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைந்தால் இதைக் குற்றம் சொல்லாதீர்கள். தகடு முழுக்கத் திறந்திருக்கும்போது இந்தக் கரி பெரிய தடையே இல்லை.

சுத்தம் செய்ய, த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனர் ஸ்ப்ரேயும் மெல்லிய துணியும் போதும். மோட்டார் உள்ள தகட்டை விரலால் நெட்டித் தள்ளக் கூடாது, உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடும். அப்புறம், பல கார்களில் ஐடில் ரீலேர்ன், அதாவது சுத்தமான தகட்டுக்கு ஈசியுவை மறுபடி பழக்குவது, செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆர்பிஎம் எகிறியே நிற்கும். சுத்தம் செய்ததால்தான் வண்டி கெட்டது என்று மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.