சீனிப் பாகில் மிளகாய்: நுரைத்துப் போனது ஏன், கெடாமல் போடுவது எப்படி?

கேள்வி: கீழப்பாவூர் பக்கம் 30 சென்டில் பஜ்ஜி மிளகாயும் 10 சென்டில் சம்பாப் பச்சை மிளகாயும் போட்டிருக்கிறேன். பாவூர்சத்திரம் சந்தையில் விலை இறங்கிவிட்டால் பறிப்புக்கூலிக்கே கட்டுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ஊருக்கு வந்தபோது, இனிப்புப் பாகில் ஊறிய மிளகாய் வில்லைகள் அடைத்த பாட்டில் ஒன்று கொண்டுவந்தான். தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருந்தது. நாமும் செய்து பார்ப்போம் என்று, 1 கிலோ கருப்பட்டியை அதிரசப் பதத்தில் பாகு காய்ச்சி, அதில் 1 கிலோ மிளகாயை முழுசாகப் போட்டு மூடி வைத்தோம். மூன்றாம் நாள் மிளகாய் தோல்போலச் சுருங்கிவிட்டது. எட்டாம் நாள் திறந்தால் நுரை பொங்கிக் கள் வாடை அடித்தது. எங்கே தவறினோம்? இதைக் கெடாமல் செய்து விற்க வழி உண்டா?

பதில்: அண்ணாச்சி, உங்கள் வீட்டில் பாகு காய்ச்சியதில் குறையில்லை, அதிரசத்துக்கு அது சரியான பதம்தான். ஆனால் அதிரச மாவில் இருக்கும் ஈரம் வேறு, பச்சை மிளகாயில் இருக்கும் ஈரம் வேறு. பச்சை மிளகாயின் எடையில் நூற்றுக்கு 85 பங்கு அளவுக்குத் தண்ணீர்தான் என்பதால், நீங்கள் போட்ட 1 கிலோ மிளகாய்க்குள் முக்கால் லிட்டருக்கு மேல் நீர் இருந்தது. கெட்டிப் பாகு அந்த நீரை வேகமாக வெளியே இழுத்தது. உள்ளே போக வேண்டிய இனிப்போ, மெழுகு பூசியதுபோல் இருக்கும் மிளகாய்த் தோலைத் தாண்டி அதே வேகத்தில் போக முடியவில்லை. அதனால்தான் காய் சுருங்கியது. வெளியே வந்த நீர் பாகைத் தளர்த்தியது. 1 கிலோ இனிப்பும் அந்த நீரும் ஒன்றாகக் கலந்தால், மொத்தத்தில் இனிப்பு பாதிக்குச் சற்று மேல்தான் நிற்கும். கெட்டிப் பாகில் தலைதூக்காத ஈஸ்ட் நுண்ணுயிர்களுக்கு அந்தத் தளர்ச்சி போதும். பதநீர் கள்ளாக மாறுவது எப்படியோ அப்படித்தான் உங்கள் பாட்டிலிலும் நடந்திருக்கிறது. அந்தப் பாட்டிலை ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மாட்டுத் தொட்டியிலும் ஊற்ற வேண்டாம்.

கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம் அல்லவா, அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியிலும் இருக்கக்கூடும். சுக்குக் காபிக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. ஆனால் புளிப்பைக் கொண்டு ஒரு பொருளைக் காப்பாற்ற நினைக்கும்போது, சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்தில் எனக்கும் ஆசை உண்டு. இருந்தாலும் இந்தப் பண்டத்துக்கு வெள்ளைச் சீனியைத்தான் சொல்வேன்.

உங்கள் தங்கை மகன் கொண்டுவந்த பாட்டிலில் நாக்குக்கு முதலில் தெரிந்தது இனிப்பாக இருக்கலாம். அதைக் கெடாமல் வைத்திருந்தது வினிகர். அந்த நாட்டின் டெக்சாஸ் பக்கத்தில் இதைக் கவ்பாய் கேண்டி என்பார்கள். மெக்சிகோவின் ஹலாப்பா நகரத்தின் பெயரைக் கொண்ட ஹலப்பீனோ என்னும் சதைப்பற்றான மிளகாயை வட்டமாக நறுக்கி, வினிகரும் சீனியும் சேர்ந்த பாகில் சில நிமிடமே வேகவைத்து அடைப்பது அங்குள்ள வழக்கம். நம் வீட்டுப் புளிமிளகாயில் புளியும் வெல்லமும் சேர்ந்து செய்கிற வேலையை, அங்கே வினிகரும் சீனியும் செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

புளிப்பை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நுரை மட்டும் அன்று. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, வாடை மூக்குக்குத் தெரிகிறது, ஆகவே தப்பித்துக்கொள்வோம். பொட்டுலிசம் என்னும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் அப்படிப்பட்டதன்று. மண்ணிலிருந்து காயோடு வரும் அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை; காற்றுப் புகாத பாட்டிலுக்குள், புளிப்புக் குறைந்த பண்டத்தில், வாடையோ நிறமாற்றமோ காட்டாமலே அது வளரக்கூடும். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வளராது. பச்சை மிளகாய் இயல்பாக அந்த அளவுக்கு மேலே இருப்பது; கீழே இறக்குவது வினிகரின் வேலை. ஆகையால் புளிப்புக் கூடுகிறதே என்று வினிகரைக் குறைத்துத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. இனிப்பு வேண்டுமானால் சீனியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வினிகர் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பி அமில அளவைப் படியுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளெல்லாம் 5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள வினிகரைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம். அதனால் அவர்கள் அளவை அப்படியே எடுக்காமல், 1 கிலோ மிளகாய்க்கு 500 மில்லி வினிகர், 900 கிராம் சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு ஒட்டாமல் சில்லறையாக அளந்து கொடுக்கும் வினிகர் வேண்டாம். புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக் காய்க்குக் காய் மாறும், கொதித்தால் கசப்பும் தட்டும். கடைசியில் மணத்துக்கு ஒரு மூடி பிழியலாம். வினிகருக்கு மாற்றாக வைக்க வேண்டாம்.

உங்கள் இரண்டு மிளகாயில் பஜ்ஜி மிளகாயே இதற்குப் பொருத்தம். தடித்த சதை இருப்பதால் வெந்த பிறகும் வில்லை வில்லையாகவே நிற்கும். சம்பா மிளகாயின் சதை மெல்லியது. வெந்தால் வெறும் தோலும் விதையுமாகத் துவண்டுவிடும். காரம் போதவில்லை என்றால் பத்துக்கு இரண்டு பங்கு சம்பாவைக் கலந்துகொள்ளலாம். நன்றாக முற்றி, பச்சை மாறாமல் விறைப்பாக இருக்கும் காயைக் காம்போடு காலையில் பறித்து, அன்றே போட்டுவிட வேண்டும். ஆங்காங்கே சிவப்பு ஏறிய காய் இருந்தால் பாட்டில் பார்வையாக இருக்கும். குழிந்த கருவட்டம் விழுந்த காய் பழ அழுகல் நோய் கண்டது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடும் சிக்கனம் இங்கே உதவாது.

அதைவிட முக்கியமாக, இலைப்பேனுக்கும் காய்ப்புழுவுக்கும் நீங்கள் கடைசியாக மருந்தடித்த தேதியைப் பாருங்கள். மருந்துப் புட்டியின் சீட்டில் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்கள் அச்சிட்டிருக்கும். அந்த நாட்கள் கழிந்த பறிப்பைத்தான் இதற்கு எடுக்க வேண்டும். செடிக்குள் ஊடுருவும் மருந்து எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது, பாகில் வேகவைத்தாலும் போய்விடும் என்று நம்புவதற்கில்லை.

நறுக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள மதினியிடம் சொல்லுங்கள். முதல்முறை நான் வெறுங்கையோடு இரண்டு கிலோ நறுக்கினேன். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிய பிறகும், இரவு கண்ணைக் கசக்கியபோது விடியும்வரை எரிச்சல் தாங்க முடியவில்லை. காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்பதை நான் படித்துத்தான் இருந்தேன். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்புப் போட வேண்டும் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காரம் இருப்பது விதையில் என்று பலர் நினைக்கிறார்கள். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் அது ஊறுகிறது. காரம் குறைய வேண்டுமானால் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் போதும்.

காயைக் கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, காம்பு நீக்கி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். முழு மிளகாயின் தோலைத் தாண்ட முடியாமல் நின்ற பாகு, நறுக்கிய இரண்டு பக்கமும் உள்ளே நுழையும். பாத்திரம் எவர்சில்வராகவே இருக்கட்டும். அல்வா கிண்டும் பித்தளை உருளியிலோ அலுமினியச் சட்டியிலோ வினிகரைக் கொதிக்கவைத்தால் உலோகம் பாகில் இறங்கும். வினிகரையும் சீனியையும் சேர்த்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி கடுகு, உலர்ந்த பூண்டுத்தூள் ஒரு தேக்கரண்டி போட்டு, 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சைப் பூண்டுப் பல்லைப் போட வேண்டாம். பல்லின் உள்ளே புளிப்பு ஏறத் தாமதமாகும். இந்த ஆவி தொண்டையைப் பிடிக்கும் என்பதால், முடிந்தால் புறவாசலில் அடுப்பு வைத்துச் செய்வது நல்லது.

பிறகு வில்லைகளைக் கொட்டி, மறுபடி கொதி வந்ததிலிருந்து 4 நிமிடம் மட்டும் வைக்க வேண்டும். பளிச்சென்ற பச்சை மங்கி மஞ்சள் கலந்த பாசி நிறத்துக்கு வருவது கண்ணுக்கே தெரியும். அதற்கு மேல் வைத்தால் தோல் விறைத்து, நீங்கள் முன்பு கண்ட அதே சுருக்கம் விழும். ஜல்லிக் கரண்டியால் வில்லைகளை அரித்தெடுத்துச் சூடான கண்ணாடிப் பாட்டில்களில் போட்டுவிட்டு, மிச்சப் பாகை மட்டும் மேலும் 6 நிமிடம் முழுத் தீயில் கொதிக்கவிடுங்கள். மிளகாய் விட்ட நீர் அதில் வற்றிவிடும். கம்பிப் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கரண்டியிலிருந்து தேன்போல் வழிந்தால் போதும். அதை வில்லைகள் மூழ்க ஊற்றி, கத்தி முனையை ஓரமாக விட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, வாயில் அரை அங்குலம் இடம் விட்டு மூடுங்கள்.

வெளிநாட்டில் இதன்பிறகு பாட்டிலைக் கொதிநீரில் மூழ்கவைத்து, வெளியே அலமாரியிலேயே மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அதற்கென்றே செய்த பாட்டிலும் ஒருமுறை மட்டும் பயன்படும் மூடியும் அவர்களுக்கு உண்டு. நம் வீட்டில் இருப்பது பழைய ஊறுகாய் பாட்டிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலும்தான். ஆகவே ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 3 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். போட்ட மறுநாள் சாப்பிட்டால் வினிகர் தனியாக, காரம் தனியாக நிற்கும். 2 வாரம் பொறுத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து, முதலில் மிதந்த வில்லைகள் பாகுக்குள் இறங்கியிருக்கும். தயிர்ச்சோறு, அடை, கம்பங்கூழ் மூன்றுக்கும் பொருந்தும். சொதிச் சோற்றுக்கு இஞ்சித் துவையலின் இடத்தில் இதை வைத்துப் பார்த்தேன்; அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுவது நல்லது.

தேன் நெல்லிக்காய்போல ஈரமில்லாத உலர்ந்த பண்டமாகவும் இதைச் செய்யலாம். அதற்கு முதல் நாளே கெட்டிப் பாகில் போடாமல், இளம் பாகில் தொடங்கித் தினமும் பாகை மட்டும் வடித்தெடுத்துச் சிறிது சீனி சேர்த்துக் காய்ச்சி ஊற்றி, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துப் பதத்தை ஏற்ற வேண்டும். அப்போது நீர் வெளியேறும் வேகத்துக்கு இனிப்பும் உள்ளே ஏறுவதால் காய் சுருங்காது. பொறுமை கேட்கும் வேலை. முதலில் வினிகர் முறையில் கை பழகட்டும்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் ஒரு பாட்டிலும் வெளியே கொடுக்க வேண்டாம். வீட்டு அளவில் ஐந்தாறு முறை போட்டு ஒரே மாதிரி வந்த பிறகு, உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பிஎச் அளவைப் பார்த்து, குளிரில் வைக்காமல் எத்தனை நாள் நிற்கும் என்பதை அவர்கள் எழுத்தில் கொடுத்தால், அதன்பிறகு கடைக்குப் போகலாம். ஒரு கிலோ மிளகாய்க்கு ஒரு கிலோ அளவுக்குச் சீனி செலவாகிறது. வினிகர், பாட்டில், எரிவாயு தனி. எனவே மிளகாய் சும்மா கிடைத்தாலும் பாட்டிலின் அடக்கவிலை சும்மா வராது. பறிப்பு முழுவதையும் இதில் இறக்கும் எண்ணம் இருந்தால், முதலில் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள்.

அடுத்த பறிப்பில் 1 கிலோ மட்டும் எடுத்து, நான்கு சிறிய பாட்டில்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். ஒன்றை 2 வாரத்திலும் மற்றவற்றை மாதத்துக்கு ஒன்றாகவும் திறங்கள். மூடியைத் திருகும்போது காற்றுச் சீறினாலோ, பாகு கலங்கியிருந்தாலோ வாயில் வைக்காமல் கொட்டிவிட்டு, எந்த வினிகர், எத்தனை மில்லி, எத்தனை நிமிடம் என்று எனக்கு எழுதுங்கள்.